46 ஆட்டம், ஒரு தோல்விகூட இல்லை: இது சாதனையா, இல்லையா?

வாசகர் கேள்வி, 2025 மே 29

லண்டன் கால்பந்து அணி ஏஎஃப்சி விம்பிள்டன், இங்கிலாந்தின் மூன்றாம் அடுக்கான லீக் ஒன்றுக்குத் திரும்பவும் ஏறியதிலிருந்து எல்லாரும் 2003-04 சீசனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். 46 ஆட்டம், 42 வெற்றி, 4 டிரா என்று. எதிரில் ஆடியவர்கள் பகல் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பூட்ஸ் மாட்டுகிறவர்கள். மூவாயிரம் பேர் டிக்கெட் வாங்கும் அணி, நூறு பேர்கூட வராத அணிகளை அடித்ததில் என்ன சாதனை? அதே வருடம் ஆர்சனல் பிரீமியர் லீக்கில் தோற்காமல் முடித்ததே, அதைச் சாதனை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

2025 மே 29, இரவு

பாதியை நானும் ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு, அந்த இரண்டு சீசனும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்லவேண்டும்.

தெரியாதவர்களுக்காக முதலில் கதை. 1988ல் லிவர்பூலை 1-0 என்று வென்று எஃப்ஏ கோப்பையைத் தூக்கிய விம்பிள்டன், 1991ல் தன் ப்ளவ் லேன் மைதானத்தை விட்டுக் கிளம்பி, கிறிஸ்டல் பேலஸ் அணியின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் குடித்தனம் இருந்தது. பிறகு உரிமையாளர்கள் கிளப்பையே சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டார்கள். இங்கிலாந்து கால்பந்துச் சங்கமான எஃப்ஏ அமைத்த மூவர் குழு 2002 மே 28 அன்று சரி என்று சொல்லிவிட்டது. ரசிகர்களே புதிதாக ஒரு கிளப் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்று அந்த அறிக்கையில் ஒரு வரி. அதை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

ஒரு மாதம்தான். ரசிகர்கள் ஏஎஃப்சி விம்பிள்டன் என்று சொந்தமாக ஒரு கிளப்பைத் தொடங்கிவிட்டார்கள். ஜூன் 29, விம்பிள்டன் காமன் புல்வெளியில் ஆட்டக்காரர்கள் தேர்வு. 230 பேர் வந்தார்கள். ஜூலை 10 அன்று சட்டன் யுனைடெட்டுடன் முதல் நட்பு ஆட்டம். 4-0 என்று தோற்றார்கள். பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். அப்புறம் ஒன்பதாம் அடுக்கில் இருந்த கம்பைன்ட் கவுண்டீஸ் லீக்கில் இடம் கிடைத்தது.

என் பதில் இதுதான்: நீங்கள் கேட்கும் 2003-04 சீசன் இரண்டாவது கதை. முதல் கதை 2002-03. அதில் அவர்கள் மூன்றாம் இடம். 36 வெற்றி, 3 டிரா, 7 தோல்வி, 111 புள்ளி. 111 எடுத்தும் மேலே ஏற முடியவில்லை, ஏனென்றால் வித்டீன் 2000, ஏஎஃப்சி வாலிங்ஃபோர்டு என்று இரண்டு அணிகள் அவர்களுக்கு மேலே இருந்தன. அந்த இரண்டு பெயரையும் இந்தியாவில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்? சும்மா அடிவாங்க வந்தவர்கள் என்று நீங்கள் நினைக்கும் கூட்டத்திலிருந்து வந்தவர்கள்தான் அவர்கள்.

2025 மே 30

நேற்றைய குறிப்போடு வேறொருவருக்குத் தனியாக எழுதிய பதிலில், அந்த 46க்கு முன்னும் பின்னும் சேர்த்து அவர்கள் தொடர்ந்து தோற்காமல் ஆடிய 78 லீக் ஆட்டமும் கம்பைன்ட் கவுண்டீஸ் லீக்கில்தான் என்று எழுதிவிட்டேன். தவறு. தொடர் தொடங்கியது 2003 பிப்ரவரியில். 2003-04 முழுக்க நீண்டது. 2004 ஆகஸ்டில் அவர்கள் ஐஸ்த்மியன் லீக்குக்கு ஏறிய பிறகும் தொடர்ந்தது. முடிந்தது 2004 டிசம்பர் 4, கிரே வாண்டரர்ஸ் மைதானத்தில், 2-0.

ஆர்சனலை நீங்களே இழுத்துவிட்டதால் சொல்கிறேன். அவர்களுடைய 49 ஆட்டத் தொடர் அதே வருடம் அக்டோபர் 24 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் முடிந்தது. அதுவும் 2-0. ஆறு வாரத்துக்குள் லண்டனின் இரண்டு அணிகளுக்கும் ஒரே கணக்கில் கதவு சாத்தப்பட்டது. முதலாவது உலகம் முழுக்கச் செய்தி. இரண்டாவதை நான் ஒரு பெட்ரோல் பங்க் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி, நண்பனின் குறுஞ்செய்தியில் படித்தேன்.

2025 ஜூன் 1

ஒருவர் கேட்டிருந்தார், நீ எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாய் என்று.

2002 செப்டம்பரில் மதுரையிலிருந்து படிக்கப் போனேன். லண்டனின் நியூ மால்டனில் ஒரு வீட்டின் மாடியறை. கீழே குடும்பத்தோடு இருந்தவர் யாழ்ப்பாணத்து அண்ணா, 1988லேயே வந்தவர். நான் ஃபுட்பால் என்பேன், அவர் உதைபந்தாட்டம் என்பார். தொலைக்காட்சியில் பெரிய ஆட்டம் ஓடும்போதுகூட அவர் கவனம் அதில் இருக்காது. புதிய விம்பிள்டன் ஆடிய கிங்ஸ்மெடோ மைதானம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். 1989ல் அது திறந்தபோதே, அதைக் கட்டிய உள்ளூர் கிளப் கிங்ஸ்டோனியனின் ஆட்டங்களுக்குப் போக ஆரம்பித்தவர் அவர்.

முதல் குளிர்காலம். செவ்வாய்க்கிழமை இரவு. கதவைத் தட்டி, "தம்பி, ஒருக்கா வாரும். பிடிக்காட்டி இடைவேளையோட திரும்பிடலாம்" என்றார். கால் விரல்கள் உணர்விழந்து போகும் குளிர். நான் போட்டிருந்தது மதுரையில் வாங்கிய ஸ்வெட்டர். கோலுக்குப் பின்னால் நின்றோம். அவ்வளவு பக்கத்தில் ஒரு கோல்கீப்பரை அதுவரை நான் பார்த்ததில்லை. அவர் தன் பின்வரிசை ஆட்டக்காரரிடம் கத்துவது, திட்டுவது, பந்து போனதும் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொள்வது எல்லாம் கேட்டது. கார்னர் எடுக்க வந்தவர் பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, முன்வரிசையில் நின்ற கிழவர் அவர் பெயரைச் சொல்லி, அம்மாவுக்கு இப்போ எப்படி இருக்கு என்று விசாரித்தார். தேவலை என்று சொல்லிவிட்டுத்தான் அவர் கார்னரை அடித்தார்.

இடைவேளையில் அண்ணா என்னைப் பார்த்தார். திரும்பிப் போகலாமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

2025 ஜூன் 1, கொஞ்சம் கழித்து

வெளியூர் ஆட்டங்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் மேலே எழுதியது முழுமையாகாது.

2002 ஆகஸ்ட் 17, முதல் லீக் ஆட்டம், சாண்ட்ஹர்ஸ்ட் டவுன் மைதானத்தில். விம்பிள்டன் 2-1 என்று வென்றது. கூட்டம் 2,449. சாதாரணமாக நூறு பேர் வந்தாலே பெரிது என்றிருந்த இடம் அது. நான் அப்போது மதுரையில் இருந்தேன். ஆனால் அதன் பிறகு வந்த அப்படிப்பட்ட நாட்கள் சிலவற்றை நேரில் பார்த்தேன். ஒன்றைச் சொல்கிறேன்.

சர்ரே பக்கம் ஒரு சின்ன ஊர். மைதானம் என்றால் ஒரு பக்கம் கம்பித் தடுப்பு, இன்னொரு பக்கம் வேலிச்செடி, அதற்கு அந்தப் பக்கம் மேய்ச்சல் நிலம். கேலரி என்று சொல்ல ஒரு தகரக்கூரை, அதில் நாலு வரிசை. டீக்கடை என்பது உடைமாற்றும் அறைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஜன்னல். உள்ளே மூன்று பெண்கள், அந்த ஊர் ஆட்டக்காரர்களின் அம்மாக்களாக இருக்கவேண்டும். அவர்கள் எவ்வளவு பன் வாங்கி வைத்திருந்தார்களோ, ஆட்டம் தொடங்கி இருபது நிமிடத்தில் எல்லாம் காலி. யாரோ காரை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார். இடைவேளையில் வரிசை ஆடுகளத்தின் பாதிச் சுற்றளவுக்கு வளைந்து நின்றது. ஒருவர்கூடச் சலிக்கவில்லை. பந்து ஒருமுறை வேலியைத் தாண்டிப் போனபோது ஒரு பையன் ஏறிக் குதித்து எடுத்துவர, இரண்டு அணியின் ரசிகர்களும் சேர்ந்து கைதட்டினார்கள்.

திரும்பும் வழியில் அண்ணா சொன்னார்: "இண்டைக்கு வந்த காசில அவங்கள் தகரக்கூரைய மாத்திப்போடுவாங்கள்." அப்படிச் செய்தார்களா என்று போய்ப் பார்க்கவில்லை. ஆனால் அந்த லீக்கின் சின்ன கிளப்புகளுக்கு விம்பிள்டன் வரும் ஒரு நாள் நுழைவுக் கட்டணம் எவ்வளவு பெரிய தொகை என்பது கணக்குப் போட்டாலே தெரியும். எண்பது பேர் வரும் இடத்தில் ஆயிரம் பேர். அடிப்பவன், அடிவாங்குபவன் என்று மட்டும் பார்த்தால் இந்தக் கணக்கு விட்டுப்போகும்.

2025 ஜூன் 4

எண்கள் கேட்டவருக்கு. 2003-04: 46 ஆட்டம், 180 கோல் போட்டார்கள், 32 வாங்கினார்கள், 130 புள்ளி. கெவின் கூப்பர் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 66 கோல். லீக்கின் சவால் கோப்பையையும் நார்த் கிரீன்ஃபோர்டு யுனைடெட்டை 4-1 என்று வென்று எடுத்தார்கள். சீசன் நடுவே, 2004 பிப்ரவரியில் மேனேஜர் டெர்ரி ஈம்ஸ் போனார். நிக்கி இங்கிலிஷ் பொறுப்பேற்று முடித்துவைத்தார். பயிற்சியாளர் மாறியும் தொடர் அறுபடவில்லை, இதையும் கணக்கில் எடுங்கள்.

2025 ஜூன் 4, இரவு

சின்னச் சின்னத் தகவல்கள், எனக்குப் பிடித்தவை. கேப்டன் ஜோ ஷீரின் அதற்கு முன் செல்சிக்காக பிரீமியர் லீக்கில் ஆடியது மொத்தம் ஒரு நிமிடம். 1997 ஏப்ரலில் ஜோலாவுக்குப் பதிலாக இறங்கினார். எதிரணி எது தெரியுமா? விம்பிள்டன். அந்த ஒரு நிமிடத்தை வைத்து அவரைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. ஒரு சீசன் முழுக்கத் தோற்காத அணிக்குக் கேப்டன் என்று எழுதியவர்கள் குறைவு.

அப்புறம், நட்பு ஆட்டங்களில் இந்தக் கிளப்பின் முதல் கோலைப் போட்டவர் கிளென் மல்கேர். 2007ல் தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்கில் சிறை சென்ற அதே ஆள்.

2025 ஜூன் 7

இதைவிடச் சின்ன லீக் உண்டா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. கார்ன்வாலுக்கு அப்பால் சில்லி தீவுகளில். மொத்தமே இரண்டு அணிதான்: உல்பேக் வாண்டரர்ஸ், கேரிசன் கன்னர்ஸ். ஒரே மைதானம், கேரிசன் ஃபீல்டு. சீசன் முழுக்க இவர்களே திரும்பத் திரும்ப மோதிக்கொள்ள வேண்டும். கோப்பையிலும் இவர்களே. சீசன் தொடக்கத்தில் கேப்டன்கள் ஆட்களைப் பிரித்துக்கொள்வார்களாம், நம் தெருவில் சாட்பூட்திரி போட்டுப் பிரிப்பது மாதிரி. ஆசை இருந்தும் நான் போனதில்லை. சரி, விஷயத்துக்கு வருவோம்.

2025 ஜூன் 8

"பெரிய மனம் படைத்த ரசிகர்கள், சின்ன கிளப்புகளுக்கு வாழ்வு கொடுத்தார்கள் என்று எழுதுகிறீர்கள். கிங்ஸ்டோனியனை என்ன செய்தார்கள் என்று எழுதவில்லையே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு நாளாக இதற்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கிங்ஸ்டோனியன் 1885ல் தொடங்கிய கிளப். 1999, 2000 இரண்டு வருடமும் அடுத்தடுத்து, சின்ன கிளப்புகளுக்கான எஃப்ஏ டிராஃபியை வென்றது. 2001ல் கடனில் மூழ்கி, கடனைத் தீர்க்க நியமிக்கப்பட்ட நிர்வாகிகள் கைக்குப் போனது, பிறகு மைதானமும் கைமாறியது. 2002ல் விம்பிள்டன் அங்கே வாடகைக்கு வந்தது. 2003ல் விம்பிள்டன் ரசிகர்கள் பங்கு விற்று, பணம் திரட்டி, கிங்ஸ்மெடோவை 24 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். கிங்ஸ்டோனியன் தான் கட்டிய வீட்டிலேயே குடியிருப்பவர் ஆனது. விம்பிள்டன் அவர்களை விரட்டவில்லை, பல வருடம் சேர்ந்தே ஆடினார்கள், அது உண்மை. ஆனால் ப்ளவ் லேனுக்குத் திரும்பிப் போகப் பணம் தேவைப்பட்டபோது கிங்ஸ்மெடோ செல்சிக்கு விற்கப்பட்டது. 2017ல் கிங்ஸ்டோனியன் வெளியேறியது. செல்சியின் பெண்கள் அணி அங்கே ஆட வந்தது. கிங்ஸ்டோனியன் அதற்குப் பிறகு மற்ற கிளப்புகளின் மைதானங்களில்தான் ஆடிவருகிறது.

மைதானம் இழந்த வலி தெரிந்த ஒரு கூட்டத்தின் மீட்சி, இன்னொரு கிளப்பின் மைதானத்தின் மேல் கட்டப்பட்டது. விம்பிள்டனுக்கு வேறு வழி இருந்ததா? வாங்காமல் விட்டிருந்தால் வேறு யாராவது வாங்கி வீடு கட்டியிருக்கலாம், இரண்டு கிளப்பும் தெருவுக்கு வந்திருக்கலாம். இந்த வாதத்தை நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன், இன்றும் அது சரி என்றே நினைக்கிறேன். ஆனாலும் 2003 கோடையில், வாங்கியாயிற்று என்ற செய்தி வந்த மாலை, நான் மாடியிலிருந்து ஓடி இறங்கி அண்ணாவிடம் சொன்னபோது அவர் அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை. "நல்லது தம்பி. அவங்களுக்கு ஒரு வீடு வேணும்தானே" என்றார். உரித்து முடித்ததும் கை கழுவிவிட்டு, "எங்கட ஆக்களுக்கு எத்தினை வருஷம் ஒப்பந்தமாம்?" என்று கேட்டார்.

எங்கட ஆக்கள் என்று அவர் சொன்னது கிங்ஸ்டோனியனை. ஒரு வருடமாகத் தோளோடு தோள் நின்று விம்பிள்டனுக்குக் கத்தியவர். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

2025 ஜூன் 9

நேற்றைய குறிப்புக்குப் பிறகு முதல் குறிப்பைத் திரும்பப் படித்தேன். அதில் ஒன்றை மாற்றிக்கொள்ளவேண்டும்.

2002-03தான் முதல் கதை, 2003-04 இரண்டாவது என்று பிரித்து எழுதியிருந்தேன். அந்தத் தோற்காத சீசனுக்கு நான் நியாயம் செய்யவில்லை. யோசித்துப் பாருங்கள்: முதல் சீசனின் முதல் வீட்டு ஆட்டத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்னால் சிப்ஸ்டெட் அணி வந்து 2-1 என்று வென்றுவிட்டுப் போனது. கூட்டம் பெரிதாக இருந்தால் வெற்றி தானாக வரும் என்றால் அந்த நாளும் வந்திருக்கவேண்டும். அதே எதிரணிகள், அதே மைதானங்கள். வந்தவர்கள் எல்லாருக்கும் இதுதான் வருடத்தின் பெரிய ஆட்டம், உறவினர்கள் எல்லாம் பார்க்க வருவார்கள். விம்பிள்டனை மட்டும் அடித்துவிட்டால் பேரப்பிள்ளைகளிடம் சொல்லலாம். அப்படி 46 தடவை ஒவ்வொருவரும் முழு மூச்சோடு வந்து மோத, ஒருதடவைகூடச் சறுக்காமல் இருக்கவேண்டும். சேற்றில், பனியில், சரிவான ஆடுகளத்தில், வெளிச்சம் பாதி இருக்கும் செவ்வாய் இரவுகளில்.

கேள்வி கேட்டவருக்கு: ஆமாம், சாதனைதான். ஆர்சனலோடு வைத்து எடைபோடத் தேவையில்லை. இரண்டும் வேறு வேறு தராசு.

2025 ஜூன் 10

இன்னொரு திருத்தம். அந்த இரண்டு வருடத்தைப் பேசும்போது பழைய கிளப் என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். 2002-03ல் பழைய விம்பிள்டன் இன்னும் செல்ஹர்ஸ்ட் பார்க்கில்தான் இருந்தது, இரண்டாம் அடுக்கில். ரசிகர்கள் புறக்கணித்ததில் சில ஆட்டங்களுக்கு ஆயிரம் பேர்கூட வரவில்லை. ஏழு அடுக்கு கீழே ஆடிய புதிய கிளப்பின் வீட்டு ஆட்டங்களுக்குச் சராசரி மூவாயிரம் பேர். 2003 செப்டம்பரில் பழைய கிளப் மில்டன் கீன்ஸின் ஹாக்கி அரங்குக்குப் போனது, அந்த சீசனில் கடைசி இடம் பிடித்துக் கீழே இறங்கியது, 2004ல் எம்கே டான்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

விம்பிள்டன் முதல்தடவை லீக் ஒன்றுவரை மேலே வந்த கணக்கு: 2004, 2005, 2008, 2009, 2011, 2016. ஆறு தடவை. ஒன்பதாம் அடுக்கிலிருந்து மூன்றாம் அடுக்குக்கு. 2020 நவம்பர் 3 அன்று, பழைய ப்ளவ் லேனுக்கு மிக அருகில் கட்டிய புதிய ப்ளவ் லேனில் டான்காஸ்டருடன் 2-2 என்று முதல் ஆட்டம். கொரோனாவால் உள்ளே ரசிகர் யாரும் இல்லை. பதினெட்டு வருடம் காத்திருந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து திரையில் பார்த்தார்கள். நானும் சென்னையிலிருந்து விடிய விடிய விழித்திருந்து பார்த்தேன். கோல் விழுந்தபோது சத்தமே இல்லை, ஆட்டக்காரர்களின் கூச்சல் மட்டும் காலி இருக்கைகளில் மோதித் திரும்பியது. 2002ல் அந்தச் செவ்வாய் இரவில் கோல்கீப்பரின் குரல் கேட்டதே, அது நினைவுக்கு வந்தது.

2025 ஜூன் 15

அண்ணாவிடம் நேற்றுப் பேசினேன். எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் சரியில்லை. மே 26 வெம்ப்ளியில் வால்சாலை 1-0 என்று வென்று விம்பிள்டன் ஏறியதற்கு வாழ்த்துச் சொன்னேன். "ஓம், ரீவீல பாத்தனான். நல்லா விளையாடினவங்கள்" என்றார்.

பிறகு அரை மணி நேரம் கிங்ஸ்டோனியனைப் பற்றித்தான் பேச்சு. வரும் சீசனுக்கு யார் இருக்கிறார்கள், யார் போகிறார்கள், மைதானத்துக்கு எந்த பஸ், இறங்கி எவ்வளவு தூரம் நடக்கவேண்டும், மகன் எந்த சனிக்கிழமை எல்லாம் காரில் கொண்டுபோய் விடுவான் என்று. நான் மேலே எழுதியதை எல்லாம் அவருக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: அன்று அவர் உரித்தது உருளைக்கிழங்கு இல்லை, மரவள்ளிக்கிழங்கு.